அளக்காமல் சொன்ன பதில்

இரண்டு வீடுகளுக்கும் நடுவே பேச்சு அறுந்துபோனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில். அதன் பிறகு சின்ன மகள் பிறந்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா தினமும் காலையில் போனை எடுப்பாள், சின்னவளின் எண்ணைத் தேடுவாள், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள், பிறகு போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். சின்ன மகளின் மாமனார் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். ஊருக்கே அவர் மாட்டு டாக்டர். அவருடைய அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. பிடிக்கட்டையில் விரிசல் கண்டதும், சொந்தத்திலேயே துப்பாக்கிக் கடை இருக்கும்போது வெளியே கொடுப்பானேன் என்று சம்பந்தியின் கடையில் கொண்டுவந்து கொடுத்தார். வேலை முடிந்து வாங்கிப்போன பிறகு ஒரு நாள் விருந்துக்கு வந்த இடத்தில், தட்டைப் பார்த்தபடியே தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொன்னார். துப்பாக்கியின் முன்பக்கம் லேசாக இருப்பதுபோல் படுகிறதாம். குழல் தன்னுடையதுதானா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் தேவலையாம்.

அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைக் காட்டவில்லை, சிரித்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

"இரும்பு இளைச்சு நான் பார்த்ததில்லையே சம்பந்தி. உங்க வீட்டுல அதுக்கும் உப்பில்லாச் சாப்பாடுதானா?"

மாட்டு டாக்டருக்கு ரத்தக் கொதிப்பு. அவர் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையல், உப்பைக் கண்ணில் காட்டினால் உண்டு. அதைச் சின்ன மகள் அம்மாவிடம் ரகசியமாகச் சொல்லி அலுத்துக்கொண்டது இப்படி நாலு பேர் நடுவில் வந்து விழுந்தது. மாமனார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை கவிழ்ந்தவள்தான், நிமிரவேயில்லை.

அப்பா அதோடு விட்டாரா என்றால் இல்லை. பக்கத்தில் இருந்த மூத்த மகளிடம் திரும்பி, நம் கடையில் குழல் மாறுமா, நீயே சொல் என்றார்.

மூத்தவளை வீட்டிலும் கடையிலும் வெர்னியர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பாவின் வெர்னியர் அளவியைத் தூக்கிக்கொண்டு கரண்டிக் காம்பு, கதவுத் தாழ்ப்பாள், அம்மாவின் வளையல் என்று ஒன்று விடாமல் அளந்து திரிந்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பட்டறை மேஜையோடு நின்றுகொண்டவள். எதையும் அளக்காமல் வாய் திறக்க மாட்டாள் என்று பெயர் வாங்கியவள்.

அவளும் அன்றைக்குச் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள், "மாறாதுப்பா" என்றாள்.

துப்பாக்கி வாசலில் நின்ற ஜீப்பிலேயே இருந்தது. எடுத்துவரச் சொல்லிப் பிரித்துப் பார்த்திருந்தால் சாப்பாடு ஆறுவதற்குள் விஷயம் முடிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. மாட்டு டாக்டர் பாதியில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

இனி இன்றைய கதை.

காலையில் கடையைத் திறந்து, மேஜையைத் துடைத்து, விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள் வெர்னியர். அப்பா உரிமம் புதுப்பிக்கிற அலுவலகத்துக்குப் போயிருந்தார். வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் தங்கை, கையில் நீளமான தோல் பெட்டியுடன் படியேறி வருகிறாள். ஜீப்பில் மாட்டு டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. கடைப் பக்கம் திரும்பவும் இல்லை.

வாடி என்றாள் வெர்னியர். தங்கை பெட்டியை மேஜைமேல் வைத்தாள். கைப்பையிலிருந்து மஞ்சள் நிறத் தோட்டா ஒன்றை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"நேத்து துப்பாக்கி கிளப் மைதானத்துல மாமா இதைப் போட்டார்க்கா. போட்டதும் வழுக்கிக்கிட்டு உள்ள போயிடுச்சு. பின்னாடி நிக்கவே இல்ல."

வெர்னியர் தோட்டாவைக் கையில் எடுத்தாள். இருபது போர். டாக்டர் வீட்டில் காலங்காலமாகப் பயன்படுத்துகிற அளவு.

மாமா மரக்குச்சியை முன்வாய் வழியாக விட்டு மெதுவாகப் பின்னால் தள்ளி எடுத்தாராம். கூட இருந்தவர்கள் எந்தக் கடையில் வேலை பார்த்தது என்று கேட்டார்களாம். மாமா கடைப் பெயரைச் சொல்லவில்லையாம். இதையெல்லாம் தங்கை வேறு யாருடைய வீட்டு விஷயத்தையோ ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"உன்னைத்தான் அளக்கச் சொன்னார். நீ சொல்றதை ஒத்துக்கறாராம்."

உட்காரச் சொன்னதற்கு நேரமில்லை என்றாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று வாசல்படியில் நின்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிவிட்டாள். ஜீப் போன பிறகும் வெர்னியர் தோட்டாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

நீ சொல்றதை ஒத்துக்கறாராம். அறைந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

பெட்டியைத் திறந்தாள். முன்கட்டையைக் கழற்றி, நெம்பியைத் தள்ளித் துப்பாக்கியை மடித்து, குழல்களைத் தனியாகத் தூக்கித் துணிமேல் வைத்தாள். சட்டம் ஒரு பக்கம், குழல்கள் ஒரு பக்கம்.

துப்பாக்கிக் கடையில் சட்டம் என்றால் கோர்ட்டு விவகாரம் என்று நினைத்துவிடக் கூடாது. குழல்கள் வந்து உட்காருகிற இரும்பு உடம்புக்குத்தான் அந்தப் பெயர். பழைய கம்பெனிக்காரர்கள் அதைப் பல அளவுகளில் செய்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். எண் ஏற ஏறச் சட்டம் பருமனாகும். எந்தச் சட்டத்துக்கான குழல் என்பதை அதன் அடியில் உள்ள கொக்கியில் பொறித்திருப்பார்கள். பொறிப்பு தேய்ந்திருந்தால், சட்டத்தின் முகத்தில் தோட்டாவைத் தட்டுகிற இரண்டு ஊசிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து கண்டுபிடித்துவிடலாம்.

போர் என்பது வேறு கணக்கு, அதுவும் தலைகீழ்க் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய துவாரம் பன்னிரண்டு போர். இருபதாக உருட்டினால் உருண்டை சிறுக்கும், துவாரமும் சிறுக்கும். அதனால் எண் குறைந்தால் குழல் பெரிது.

வெர்னியர் பூதக்கண்ணாடியை வைத்துக் கொக்கியைப் பார்த்தாள். ஒன்று என்ற எண் மங்கலாகத் தெரிந்தது. சட்டத்தின் ஊசிகளுக்கு இடையே அளந்தாள். ஒன்றாம் எண் சட்டம்தான். சரியாகத்தான் பொருந்துகிறது. ஒரு கணம் மனசுக்குள் ஏதோ லேசாயிற்று.

அப்புறம் குழலின் வாயை அளந்தாள். பதினெட்டரை மில்லிமீட்டர். பன்னிரண்டு போர்.

இருபது போர் துப்பாக்கியில் பன்னிரண்டு போர் குழல்.

வரிசை எண்ணையும் பார்த்துவிடுவோம் என்று பார்த்தாள். சட்டத்தில் ஒன்று, குழலில் வேறொன்று. இதற்குப் பூதக்கண்ணாடிகூட வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்தாலே தெரிகிறது. அன்றைக்கு ஜீப்பிலிருந்து எடுத்து வந்து பிரித்திருந்தால் குழந்தைகூடப் படித்துச் சொல்லியிருக்கும்.

அந்தக் கம்பெனி ஒன்றாம் எண் சட்டத்தில் பன்னிரண்டு போரும் செய்தது, அபூர்வமாக இருபது போரும் செய்தது. வெளியே இரண்டும் ஒரே பருமன். துவாரம் சின்னது என்பதால் இருபது போர் குழலில் இரும்பு அதிகம், கனமும் அதிகம். அதனால்தான் மாட்டு டாக்டருக்கு முன்பக்கம் லேசாகப் பட்டது. ஆயுசு பூராவும் கன்றுக்குட்டிகளைத் தூக்கிப் பார்த்தே எடை சொன்ன கை அது. அந்தக் கையைத்தான் கேலி பண்ணிச் சிரித்தார்கள்.

தோட்டா வழுக்கிப் போனதை அவர் கவனித்தார், பிழைத்தார். கவனிக்காத ஆளாக இருந்தால் குழல் காலி என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிய பன்னிரண்டு போர் தோட்டாவைப் பின்னால் போட்டுச் சுட்டிருப்பார். அப்புறம் குழலும் இல்லை, பிடித்திருந்த கையும் இல்லை. வெர்னியர் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

குழல் மாறியிருந்தால் அதன் ஜோடியும் கடைக்குள்ளேதான் இருக்க வேண்டும். கடைக்குச் சொந்தமான பழைய பன்னிரண்டு போர் ஒன்று, அதே கம்பெனி, பெட்டக அறையில் முன்வரிசையில்தான் நிற்கும். போய்ப் பார்த்தாள். முன்வரிசையில் இல்லை. பின்னால், பழைய உறைகளுக்கும் உடைந்த கட்டைகளுக்கும் அடியில், சாக்குத் துணி சுற்றிப் படுக்கவைக்கப்பட்டிருந்தது.

அதன் குழலை அளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருந்தாலும் அளந்தாள். இருபது போர்.

தெரியாமல் மாறிய பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். இது ஒளித்து வைக்கப்பட்ட பொருள். அப்படியானால் அப்பாவுக்குத் தெரியும்.

மதியத்துக்கு மேல்தான் அப்பா வந்தார். மேஜைமேல் இரண்டு துப்பாக்கிகள் பிரிந்து கிடப்பதைப் பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் எதையும் நேராகப் பார்ப்பதில்லை. கோழிபோலத் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்ப்பார். வாடிக்கையாளர்கள் அதைத் தலைக்கனம் என்றார்கள். வெர்னியரும் அப்படியே வைத்துக்கொண்டாள். பொறித்த எண்களை அவர் நகத்தால் தடவிப் படிப்பதையும் பார்த்திருக்கிறாள். பழைய கைக்காரர், அவருக்கு வழக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் ஒரு குழலின் வாயில் நுழைந்தது. அடுத்த குழலின் வாயில் நுழையவில்லை. விரலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்பப்பா தெரிஞ்சுது?"

"விருந்துக்கு மறுநாள் காலைலேயே."

கேட்காததையும் அவரே சொன்னார். டாக்டர் துப்பாக்கி வேலைக்கு வந்த வாரம் வெர்னியர் காய்ச்சலில் படுத்திருந்தாள். இரண்டு துப்பாக்கிகளையும் எண்ணெய் போட ஒரே நேரத்தில் பிரித்து வைத்தார். பூட்டும்போது கொக்கியைத் தடவினார், ஒன்று என்று இருந்தது. இரண்டிலும் ஒன்றுதான் இருக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வரிசை எண்ணைப் பார்க்கலாம் என்றால் பார்க்கிற இடத்தில் புகை. ஓரமெல்லாம் தெரிகிறது, நடுவில்தான் ஒன்றும் இல்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் வெர்னியரை உட்கார்ந்த இடத்தில் குறுகவைத்தது.

"நீ பண்ணினதா சொல்லிடேன்மா. காய்ச்சல்ல கைமறதியா மாத்திட்டேன்னு சொன்னா அவர் நம்புவார். உன்மேல அவருக்கு மரியாதை இருக்கு."

அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டவருக்காக வெட்கப்படுவதா, தலையாட்டப் போகிற தனக்காக வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. தலையாட்டினாள். அவர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டார்.

வெர்னியர் அவரவர் குழலை அவரவர் சட்டத்தில் பூட்டினாள். மடித்து, மூடி, குழலுக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்த்தாள். கசியவில்லை. டாக்டருடையதைத் தோல் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மாட்டு டாக்டர் வீட்டு முன்கூடத்தில் மருந்து அலமாரியும் ஒரு பெரிய எடைத் தராசும் இன்னும் இருந்தன. உட்காரச் சொன்னார். தங்கை உள்கதவை ஒட்டி நின்றாள். வெர்னியர் நின்றுகொண்டே பேசினாள்.

குழல் மாறித்தான் இருந்தது மாமா, நீங்கள் சொன்னது அத்தனையும் சரி என்றாள். உங்கள் குழலை மறுபடி பூட்டிக் கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். எப்படி மாறிற்று என்று அவர் கேட்கும் வரை காத்திருந்து, மனப்பாடம் பண்ணி வந்ததைச் சொன்னாள்: நான்தான் மாற்றிவிட்டேன், காய்ச்சல், கைமறதி.

மாட்டு டாக்டர் துப்பாக்கியைத் தூக்கி எடை பார்த்தார். கீழே வைத்தார். முகத்தில் ஜெயித்த குறி இல்லை. கவலைதான் இருந்தது.

"கிளப்புல பாதித் துப்பாக்கி உன் கை பட்டதும்மா. நீ இப்படி மாத்துவேன்னா அத்தனையும் திரும்பப் பார்க்கணும். யார் யாருதுன்னு சொல்லு, இப்பவே போன் பண்றேன்."

இதை வெர்னியர் யோசித்திருக்கவில்லை. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் அதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் வந்தாள். அவள் பார்த்த துப்பாக்கிகளைத் திரும்ப வரவழைப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்பா தனியாகப் பார்த்தவை எவை? அவள் காய்ச்சலில் கிடந்தபோது, வெளியூருக்குத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போனபோது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது? அவை ஊருக்குள் யார் யார் தோளிலோ இருக்கின்றன.

தங்கை முந்திக்கொண்டாள்.

"அந்த வாரம் நீ கட்டிலை விட்டு எழுந்திருக்கலை. நான்தான் தினம் வந்து உனக்குக் கஞ்சி ஊத்தினேன். கடைக்கு எப்பக்கா போனே?"

வெர்னியர் பெட்டியின் பூட்டைப் பிடித்துக்கொண்டாள். சொல்லத்தான் வேண்டும். தணிந்த குரலில், டாக்டர் முகத்தையோ தங்கை முகத்தையோ பார்க்காமல், அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்றாள். நடுப்பார்வை போய்விட்டது, எண்களைத் தடவித்தான் படிக்கிறார் என்றாள். இன்றைக்குத்தான் அவர் வாயால் ஒத்துக்கொண்டார் என்றாள்.

"அவர் ஒத்துக்கிட்டது இன்னைக்கு. உனக்கு எப்பத் தெரியும்?"

தங்கை கேட்டதும் வெர்னியர் பெட்டியின் பூட்டைத் திறந்து மூடினாள்.

"பக்கத்துல உக்காந்து தினம் பார்த்துக்கிட்டே இருந்திருக்கே. அப்பா எண்ணைத் தடவிப் படிக்கறது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் எங்க மாமா கேட்டப்ப நீ எப்படிக்கா சிரிச்சே?" தங்கை அழவில்லை. "அதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் எப்படித் தட்டுல கை வைக்கிறேன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? மாமா ஒரு வார்த்தை கேட்கலை. மறுநாள்லேருந்து என் தட்டுக்குப் பக்கத்துல உப்புக் கிண்ணத்தைத் தானே கொண்டுவந்து வைக்கிறார்."

மாட்டு டாக்டர் போதும்மா என்றார் மருமகளிடம். அதட்டலாகச் சொல்லவில்லை. வெர்னியருக்குத் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. மன்னிச்சிடு என்று வாய்வரை வந்தது. அது ரொம்பச் சின்ன வார்த்தையாகப் பட்டது.

டாக்டர்தான் காரியத்துக்குத் திரும்பினார். அப்பாவுக்குப் போன் போடச் சொன்னார். தான் பேசவில்லை, சத்தமாக வைக்கச் சொல்லிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

போனில் வெர்னியர் முதலில் சொன்னது, உண்மையைச் சொல்லிவிட்டேன் என்பதைத்தான். அப்புறம் அப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அரிசி மண்டிக்காரருடையதில் ஊசி மாற்றினார். பரவாயில்லை. ஓய்வு பெற்ற நீதிபதியுடையதில் கட்டைக்கு மெருகு போட்டார். பரவாயில்லை. போட்டோ ஸ்டூடியோக்காரருடையதில் குழல் நசுங்கியிருந்தது, கடையில் கிடந்த பழைய குழல் ஒன்றை எடுத்துப் பூட்டிக் கொடுத்தார்.

என்ன எண் என்று கேட்டாள் வெர்னியர்.

"ரெண்டுன்னுதான் தடவிப் பார்த்தேன். அவர் சட்டமும் ரெண்டு. ஆனா லேசுல உக்காரலை. கொக்கியைக் கொஞ்சம் அரம் போட்டு இழைச்சு உக்கார வச்சேன்."

இரண்டாம் எண் குழல் இரண்டாம் எண் சட்டத்தில் உட்காரக் கூச்சப்படாது. கொஞ்சம் தேய்ப்பு வேண்டுமென்றாலும் எங்கே உரசுகிறது என்று புகைக்கரி தடவிப் பார்த்துப் பார்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும். தடவித் தடவி அரம் போட்டு உட்கார வைத்தது என்றால் அளவு வேறு, பிடிமானம் அரைகுறை, சுட்டால் பிய்த்துக்கொள்ளும். வெளிச்சம் கசிந்ததா என்று பார்த்தீர்களா என்று கேட்க வாயெடுத்தாள். யாரிடம் கேட்கிறோம் என்பது உறைத்தது, மூடிக்கொண்டாள்.

டாக்டர் அதற்குள் ஸ்டூடியோக்காரரை வேறு போனில் கூப்பிட்டிருந்தார். ஸ்டூடியோக்காரரின் மனைவி எடுத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு ஏரிக்குப் போயிருக்கிறாராம், வாத்துக்கு. புதுக் குழல் போட்டதிலிருந்து இன்றைக்குத்தான் முதல்முதலாக எடுத்துப் போகிறாராம். போன் வீட்டிலேயே கிடக்கிறதாம், இதோ மேஜைமேல்.

டாக்டர் சாவியை எடுத்தார். தங்கை கதவை விட்டு நகரவில்லை. அக்கா தன்னைத் தாண்டிப் போகும்போது சுவரோடு ஒதுங்கி வழி விட்டாள்.

ஏரிக்குப் போகிற வழியில்தான் கடை. தூரத்திலிருந்தே தெரிந்தது, அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டு நடைபாதை விளிம்பில் நின்றிருந்தார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. டாக்டர் வண்டியை நிறுத்தினார். அப்பா ஜீப்பின் பக்கவாட்டைத் தடவிக் கதவைக் கண்டுபிடித்துப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். முன்சீட்டில் மகள் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்துகொள்ளவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஊர் எல்லை தாண்டினார்கள். அப்புறம் டாக்டர் கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"கண்ணு தெரியாம மாத்தினீங்க, அது புரியுது. தெரிஞ்ச பிறகும் ஏன் சம்பந்தி சொல்லலை?"

"நீங்க திரும்பி வருவீங்கன்னு இருந்தேன்." அப்பாவின் குரல் எங்கோ இருந்து வந்தது. "வந்து சத்தம் போடுவீங்க, அப்ப சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க வரவேயில்லை."

"உங்க தெரு முனை வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். வந்து என்னத்தைக் கேட்கறது? கேட்டா மறுபடி சிரிப்பீங்க."

அப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். வெர்னியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அழுவதைப் பார்க்கிற உரிமை இன்றைக்குத் தனக்கு இல்லை என்று தோன்றியது.

தார் ரோடு முடிந்து மண்பாதை வந்தது. நாணல் மறைவில் ஏரி விட்டுவிட்டுத் தெரிந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கரையோரம் ஸ்டூடியோக்காரரின் ஸ்கூட்டர் நின்றது, இருக்கையில் தொப்பி. டாக்டர் ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

அந்தச் சத்தத்துக்குள்ளேயே இன்னொரு சத்தம் கேட்டது. ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வெடி.

வாத்துக்கூட்டம் நாணலை விட்டு மேலே எழும்பியது. டாக்டர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். இரட்டைக்குழல்காரன் யாரும் பறந்துபோகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மாட்டான். இரண்டாவது குழலையும் தட்டிவிடுவான். மூவரும் காத்திருந்தார்கள். இரண்டாவது வரவில்லை.

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு நாணலுக்குள் ஓடினார். அப்பா இறங்கிப் பள்ளத்தில் கால் வைத்துத் தடுமாறினார். வெர்னியர் பாய்ந்து தோளைப் பிடித்தாள்.

"என்ன தெரியுது? ஆள் நிக்கிறானா?"

"நாணல் மறைக்குதுப்பா."

"நான் எங்கேயும் போக மாட்டேன். நீ ஓடு."

அவள் தோளை விட்டாள். நாணலுக்கு அப்பால் யாரோ கூப்பிடுவதுபோல ஒரு குரல் கேட்டது. டாக்டருடையதா, ஸ்டூடியோக்காரருடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. செருப்பைச் சேற்றில் உதறிவிட்டு, குரல் வந்த திசையைப் பிடித்து அவள் ஓடினாள்.